ஒரே ஒரு ஸ்டார்ட்

அத்தியாயம் 6

"பன்னெண்டு புள்ளி ஏழு வோல்ட்!"

மகன் பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் மேஜை மேல் இருந்த பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியைத் தட்டிக் கொடுத்தார். பக்கத்தில் மீட்டரும் கையுமாக ஒரு கான்ஸ்டபிள், அந்த மகனுக்கு டியூஷன் எடுத்த வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

அண்ணி பேட்டரியைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினொரு வருஷம் பொய்ச் சேதம் காட்டியவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழுத்த கண் அது. அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டு நாலு வருஷம் ஆகிறது. அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்பது உச்சி வெயிலில் நிற்பதற்குச் சமம் என்று சின்னவனுக்குத் தெரியும். அவள் கணவன் கப்பலில் வேலை செய்கிறான். கணவனின் தம்பி இவன். அண்ணிக்கு வண்டி ஓட்டுவதும், ஃபைல் தூக்குவதும், வேண்டாத இடத்தில் வாயை விடுவதும் இவன் உத்தியோகம். முப்பத்தெட்டு வயதாகி முன்மண்டை வெளுத்த பிறகும் பெயர் சின்னவன்தான்.

"ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு, காலைல எடுத்துப் பாத்தோம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க ஆள் பேட்டரில எக்ஸ்பர்ட். நல்ல பேட்டரி. கல்லு மாதிரி இருக்கு. இதைப் போயி செத்துப் போச்சுன்னு சொல்லியிருக்கான் அந்த மெக்கானிக். எதுக்கு? குமாஸ்தாவைக் கடையில உக்கார வைக்கணும், பையை அடிக்கணும். முடிஞ்சுது கேஸ்."

"ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டீங்களா?" என்றாள் அண்ணி.

"ஆமா. நியாயமா சோதிக்கணும் இல்லையா?"

"நியாயம்தான்," என்றான் சின்னவன். "மயங்கி விழுந்தவனைத் தூக்கிட்டுப் போய், குளுக்கோஸ் ஏத்தி, தலை சீவி, பவுடர் போட்டு உக்கார வச்சு, இவன் எங்க மயங்கினான்னு கேக்கற நியாயம்."

கதவோரம் நின்றிருந்த பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக்கின் மனைவி. புருஷன் என்ஜினைப் பார்க்க, இவள் டயரைப் பார்ப்பாள். தெருவே பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடும். விடிந்ததும் விடியாததுமாக அண்ணியின் வாசலில் வந்து நின்றவள் இவள்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெரியவர், தான் எடுத்து வளர்த்த மகளுக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அசல் உயில் மகளின் வக்கீலிடம் இருந்தது. அது போனால் வீடு பெரியவரின் தம்பிக்கு. நேற்றுக் காலை வக்கீலின் குமாஸ்தா அந்த உயிலைப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினார். வழியில் முத்திரைத்தாள் கடையில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார். மறுபடி வண்டியை எடுக்கப் போனால் அது அசையவில்லை. கிக்கர் இல்லாத புது மாடல். தள்ளினாலும் கிளம்பாத ஜாதி. நாலு கடை தள்ளி இருந்த மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். மெக்கானிக் பார்த்துவிட்டு, பேட்டரி போச்சு, மாத்தணும் என்று சொல்லி, புதுசு வாங்கி வரப் போனார். அவர் பேட்டரியோடு திரும்பி வந்த பிறகு பார்த்தால் பையைக் காணோம். குமாஸ்தா மெக்கானிக்கைக் கைகாட்டினார். போலீஸ் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"வண்டி எங்க சார்?" என்றாள் அண்ணி.

வண்டி ஸ்டேஷன் முற்றத்தில், பக்கவாட்டு மூடி கழற்றிய நிலையில் நின்றது. பேட்டரி இருக்க வேண்டிய பொந்து காலியாக இருந்தது.

"இந்தப் பேட்டரியை இதுலயே திருப்பி மாட்டச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் மாட்டினான். அண்ணி சாவியைத் திருப்பி பட்டனை அழுத்தச் சொன்னாள். அழுத்தினான். என்ஜின் ஒரே உறுமலில் கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா! நீங்களே வந்து என் கேஸுக்கு சாட்சி சொல்லிட்டுப் போறீங்க!"

பஞ்சர் அக்காவின் முகம் செத்துவிட்டது. அண்ணி மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிஷம் போனது.

"அணைங்க. இப்ப மறுபடி அழுத்துங்க. அழுத்தும்போது மீட்டரைப் பாருங்க."

கான்ஸ்டபிள் அழுத்தினான்.

டிக்.

மறுபடி. டிக் டிக் டிக். முகப்பு விளக்கு மங்கிக் கண் சொருகியது. ஹார்னை அமுக்கிப் பார்த்தான். சளி பிடித்த ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"எவ்வளவு?" என்றாள் அண்ணி.

கான்ஸ்டபிள் மீட்டரைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "எட்டரை," என்றான், மிச்ச வோல்ட்டை அவனே குடித்துவிட்டது போன்ற குரலில்.

"வேலை இல்லாம சும்மா உக்காந்திருக்கும்போது பன்னெண்டு ஏழு யார் வேணா காட்டலாம் சார்," என்றாள் அண்ணி. "வேலை குடுக்கும்போது எவ்வளவு நிக்குதுன்னு பாக்கணும். அழுத்தறப்ப பத்துக்குக் கீழ விழுந்தா அது பேட்டரி இல்ல, வெறும் டப்பா. சார்ஜ் ஏத்தினா ஏறின மாதிரி நடிக்கும்; கேட்டா குடுக்காது. மாத்தியே ஆகணும். மெக்கானிக் சொன்னது நூத்துக்கு நூறு நிஜம். அவரு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சதை உங்க எக்ஸ்பர்ட் ஒரு ராத்திரி பூரா கரண்ட்டைச் செலவழிச்சுக் கண்டுபிடிக்கல."

இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது. "சரிம்மா, பேட்டரி கெட்டதுன்னே வச்சுக்குவோம். பை? கடையில இருந்தது ரெண்டே பேரு, இந்தம்மாகூட அப்ப வீட்ல. ஒருத்தர் பத்தொம்பது வருஷமா வக்கீல்கிட்ட வேலை பாக்கற குமாஸ்தா. இன்னொருத்தன் கிரீஸ் கை. பன்னெண்டு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தப் போறேன். அதுக்குள்ள பையோட வாங்க, விட்டுடறேன்."

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அண்ணி பேட்டரியை வெளியே எடுக்கச் சொல்லி, குழந்தைக்குக் காதில் அழுக்குப் பார்ப்பதுபோல நாலா பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த வண்டிக்கு என்ன வயசு?"

சின்னவன் சீட்டைத் தூக்கி அடியில் இருந்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். "ரெண்டு வருஷம் ஆகப்போகுது அண்ணி."

"பேட்டரி மேல குத்தியிருக்கிற தேதியைப் பாரு."

பார்த்தான். விசில் அடித்தான். "ஆறு வருஷம்! ரெண்டு வயசுக் குழந்தை வாயில ஆறு வயசுப் பல்லா?"

"அந்தப் புத்தகத்துல, வண்டி குடுக்கும்போது எழுதின பேட்டரி நம்பர் இருக்கா?"

இருந்தது. வெளியே எடுத்த பேட்டரியின் நம்பருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"மெக்கானிக் மாத்தியிருப்பான்," என்றார் இன்ஸ்பெக்டர், விட்ட இடத்தைப் பிடிக்கும் ஆசையில்.

"வண்டி அவரு கடைக்கு வந்ததே தள்ளிக்கிட்டுதானே சார்? அப்ப செத்த பேட்டரி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து சின்னவனின் வண்டியில் ஏறும்போதுதான் அண்ணி மிச்சத்தைச் சொன்னாள். "அந்தப் பேட்டரியோட ரெண்டு முனையையும் கவனிச்சியா? எலி கடிச்ச மாதிரி பொடிப்பொடியா தழும்பு. சார்ஜர் கிளிப் கடிச்ச தடம். ஒரு நாள் ரெண்டு நாள் மாட்டினா அப்படித் தேயாது. செத்ததைப் புதைக்க மனசில்லாம மாசக்கணக்கா தினமும் மூச்சு ஊதியிருக்கான் ஒருத்தன்."

"கஞ்சன்னு சொல்லுங்க."

"கஞ்சன் மட்டுமில்ல. ராத்திரி பூரா சார்ஜ் ஏத்தினா அந்தப் பேட்டரி ஒரே ஒரு ஸ்டார்ட் குடுக்கும், ரெண்டாவது குடுக்காது. அது நமக்கு இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது. அவனுக்கு ரொம்ப நாளாவே தெரியும். குமாஸ்தா ஆபீஸ்ல கிளம்பறது ஒரு ஸ்டார்ட். முத்திரைத்தாள் கடையில நிறுத்திட்டு எடுக்கறது ரெண்டாவது. வண்டி எந்த இடத்துல படுக்கும்னு கோடு போட்டு வச்சிருக்கான்."

சின்னவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "குமாஸ்தாவே ஏன் பண்ணியிருக்கக் கூடாது? தன் வண்டியைத் தானே படுக்க வச்சுட்டு, உயிலை வித்துட்டு, பழியைக் கிரீஸ் கை மேல போட்டுட்டு..."

"பண்ணியிருக்கலாம். போய் மூஞ்சியைப் பாப்போம்."

வக்கீலின் ஆபீஸ் ஒரு பழைய வீடு. சுவர் தெரியாத அளவுக்குக் கேஸ் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும், வக்கீல் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஜையில் இருந்த குறிப்புத்தாள்கள் எல்லாம் பிரித்து மாற்றி மடித்த பழைய கவர்கள். போன வருஷத்துக் காலண்டரின் பின்பக்கத்தில் இந்த வருஷத்து வாய்தாக்களை எழுதியிருந்தார். பேனா மூடி தொலைந்த இடத்தில் ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி.

"கிரீஸ் கைக்காரனுங்களை நம்பலாமா?" என்றார். "நான் அப்பவே சொன்னேன். அந்தப் பொண்ணுக்காக என் மனசு எவ்வளவு பாடு படுது தெரியுமா? பாவம், வீடு போகுது. என்ன பண்றது? அசல் இல்லாம கோர்ட்டு ஒண்ணும் பண்ணாது."

மனசு படும் பாட்டுக்கு வட்டி போட்டு வாங்கிவிடுவார் போல இருந்தது.

குமாஸ்தா ஓரமாக நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். கண்ணாடியின் ஒரு காது போய், நூல் கட்டியிருந்தது. கண் இரண்டும் தூங்காமல் சிவந்திருந்தன.

"பையை எங்க வச்சிருந்தீங்க ஐயா?" என்றாள் அண்ணி.

"பெஞ்சு மேலம்மா. நான் பக்கத்துலயேதான்..."

"பக்கத்துலயேதான் இருந்தார்," என்று வக்கீல் முடித்து வைத்தார். "அதையெல்லாம் போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு."

"பக்கத்துலயே இருந்தவருக்குப் பை போனது தெரியலையா?" என்றான் சின்னவன். "பைக்குக் காலு முளைச்சிருந்தாலும் செருப்புச் சத்தமாவது கேட்டிருக்குமே."

குமாஸ்தா குனிந்தார். வக்கீல் முறைத்தார். அதற்குள் அவர் மேஜையில் போன் அடித்தது. எடுத்தவர், "ஆங், சொல்லுங்க, இல்ல இல்ல, இப்ப வேண்டாம்," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அண்ணி சத்தமில்லாமல் எழுந்து, குமாஸ்தாவுக்குக் கண் காட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

முற்றத்தில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. வக்கீலுடையது. குமாஸ்தாவின் வண்டி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, பழைய மாடல். மேலே ஜன்னல் விளிம்பில் ஒரு பேட்டரி சார்ஜர். அதிலிருந்து இரண்டு வயர், நாக்கைத் தொங்கப் போட்டதுபோல, நுனியில் பல் வைத்த கிளிப்போடு தொங்கியது.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்க்கவில்லை.

"இந்தச் சார்ஜர் யாரோடது ஐயா?"

"சாரோடதும்மா. சார் வண்டிக்கு பேட்டரி வீக்கு. தினம் சாயங்காலம் சாரே மாட்டுவாரு. என்னைத் தொட விடமாட்டாரு, தப்பா மாட்டி கரண்ட்டை வீணாக்கிடுவேனாம். காலைல கழட்டினா ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும். கோர்ட்டுக்குப் போயிடுவாரு. அங்கேருந்து திரும்பி வர்றதுக்கு நான் போய் தள்ளணும். பழைய மாடல்ங்கறதால தள்ளினா கிளம்பிடும்."

"எவ்வளவு நாளா தள்றீங்க?"

"எட்டு மாசம் இருக்கும்."

"புதுசு வாங்கச் சொல்லலையா?" என்றான் சின்னவன்.

"சொன்னேங்க. நீ எதுக்கு இருக்கேன்னு கேட்டாரு." குமாஸ்தா அதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். பிறகு அவர் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி வந்தது. "ஆனா நேத்து சாயங்காலம் ஒரே அழுத்துல ஸ்டார்ட் ஆச்சும்மா. நேத்து அவ்வளவு கஷ்டத்துலயும் எனக்கு அது ஒண்ணு சந்தோஷம். சார் ஒரு வழியா புது பேட்டரி போட்டுட்டாரு, இனிமே தள்ள வேண்டியதில்லைன்னு."

சின்னவனுக்கு ஒரு நக்கல் நுனிநாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

"நேத்துக் காலைல நீங்க ஆபீஸ் வந்தப்புறம் உங்க வண்டி எங்க நின்னுது?"

"இங்கதாம்மா, இதே இடத்துல. எட்டரைக்கு வந்தேன். வந்ததும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னாரு. பக்கத்துலதானே, நடந்தே போ, பெட்ரோலை வீணாக்காதேன்னாரு. அங்க கூட்டம். நாப்பது நிமிஷம் ஆச்சு. திரும்பி வந்ததும் பையைக் குடுத்து, போற வழியில முத்திரைத்தாளும் வாங்கிக்கோன்னு சொல்லிட்டு, சார் முன்னாடியே கோர்ட்டுக்குக் கிளம்பிட்டாரு."

அண்ணி தலையை ஆட்டினாள். "இந்த வண்டியோட சாவி?"

"கதவுக்குப் பக்கத்துல ஆணியில மாட்டியிருக்கும். எடுத்துட்டு வரட்டா?" பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே போய் எடுத்து வந்தன. பக்கவாட்டு மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, தூசி ஒட்டாமல், பேட்டரி உட்கார்ந்திருந்தது.

"நம்பர் தெரியுதா ஐயா?"

குமாஸ்தா குனிந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தெரியுதும்மா. நீங்க படிங்க, நான் சரிபாக்கறேன்." நகலையும் அசலையும் வைத்து ஒருவர் படிக்க ஒருவர் ஒப்பிடுவது அவர் தொழில். அது எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணி போனைப் பார்த்துப் படித்தாள். "ஏழு."

"சரி."

"நாலு."

"சரி."

"சைபர். ஒன்பது."

"சரி. சரி."

"ஒன்பது."

"சரி..." அவர் குரல் மெதுவானது. "அம்மா, நீங்க எதைப் பாத்துப் படிக்கறீங்க?"

"உங்க வண்டியோட சர்வீஸ் புத்தகத்தை. கடைசி நம்பர் ரெண்டு."

குமாஸ்தா நிமிரவில்லை. குனிந்தபடியே அந்தக் கடைசி எண்ணின் மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "சரி," என்றார் கடைசியில்.

"அங்க என்ன பண்றீங்க?" வக்கீல் வாசற்படியில் நின்றார். மூடி திறந்திருப்பதைப் பார்த்ததும் வேட்டையில் அகப்பட்ட முயலைப்போல ஒரு கணம் உறைந்தார். ஒரே கணம்தான், தொழில் கை கொடுத்தது. "ஓ, பேட்டரியா! அவசரத்துக்குக் கடன் எடுத்தேன். என் ஆபீஸ் ஆளு, என் பிள்ளை மாதிரி. அது என்ன கொலைக் குத்தமா?"

"கடன் எடுத்தவர் அதுக்குப் பதிலா ராத்திரி பூரா சார்ஜ் ஏத்தின பிணத்தை எதுக்கு உள்ள வச்சீங்க?" என்றாள் அண்ணி. "ஒரே ஒரு ஸ்டார்ட் குடுக்கும், ரெண்டாவது குடுக்காதுன்னு, தினமும் உங்க கையாலயே சார்ஜ் மாட்டின உங்களுக்குத் தெரியாதா? ஐயா, வண்டி நின்னதும் நீங்க யாருக்குப் போன் பண்ணீங்க?"

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். எட்டு மாதம் தள்ளிய வண்டியைப் பார்த்தார்.

"சாருக்குத்தான். கோர்ட்டுலதான் இருந்தாரு, கடைக்குப் பின்னாடி சந்து வழியா வந்தா அஞ்சு நிமிஷம். மெக்கானிக் பேட்டரி வாங்கப் போயிருக்காருன்னு சொன்னேன். நீ தெருமுனைக்குப் போய் நில்லு, கார் அனுப்பறேன், டிரைவருக்குக் கடை தெரியாது, பையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நிக்காதே, பெஞ்சுலயே இருக்கட்டும்னாரு. நின்னேன். காரு வரவே இல்ல. திரும்பி வந்தா பையைக் காணோம். போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி சார் சொன்னாரு, பையை விட்டுட்டுப் போனேன்னு போலீஸ்ல சொன்னா உன் வேலை போயிடும், பக்கத்துலயே இருந்தேன்னு சொல்லுன்னு. சொன்னேன்." அவர் பக்கவாட்டு மூடியை மூடினார். "ஒரு நிரபராதியைக் கைகாட்டி விட்டேன்."

"கட்டுக்கதை!" என்றார் வக்கீல். "பேட்டரி நம்பரை வச்சுக்கிட்டு என்னை உள்ள தள்ளப் போறியா? பை எங்கே? உயில் எங்கே? என் ஆபீஸை சோதிக்க உன்கிட்ட வாரண்ட் இருக்கா?"

இல்லை. மணி பதினொன்று இருபது. அண்ணிக்கு அதிகாரம் இல்லை, நேரமும் இல்லை. உள்ளே ஆயிரம் கேஸ் கட்டுகள். அவளுடைய தாடை இறுகுவதைச் சின்னவன் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தாடை இறுகி அவன் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் அவர்கள் தோற்றிருந்தார்கள்.

"அம்மாவுக்கு வாரண்ட் வேணும்," என்றார் குமாஸ்தா. "எனக்கு எதுக்கு?"

அவர் படியேறி, வக்கீலைத் தாண்டி உள்ளே போனார். "நில்லுய்யா! உன் வேலை போயிடும்!" என்று வக்கீல் கத்தினார். குமாஸ்தா நிற்கவில்லை. முடிந்துபோன பழைய கேஸ்கள் அடுக்கிய வரிசையின் முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"இங்க இருக்கிற ஒவ்வொரு கட்டும் நான் கட்டினது. எல்லாம் ஒரு பக்கம் இழுத்தா அவிழற முடிச்சு. இது ஒண்ணுல மட்டும் ஷூ லேஸ் கட்டற மாதிரி பூப்போட்டுக் கட்டியிருக்கு. காலைலயே பாத்தேன். சாருக்கு ஏதோ அவசரம், அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

இழுத்தார். கட்டு பிரிந்தது. மஞ்சள் தாள்களுக்கு நடுவில், அரக்கு முத்திரை உடையாத ஒரு பழுப்புக் கவர்; மேலே பெரியவரின் உயில் என்று எழுதியிருந்தது.

சின்னவன் ஏற்கனவே இன்ஸ்பெக்டரின் நம்பரை அழுத்தியிருந்தான்.

"எரிச்சுத் தொலைச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க," என்றாள் அண்ணி. "ஆனா பெரியவரோட தம்பிகிட்ட பேரம் முடியறதுக்கு முன்னாடி சரக்கைக் கொளுத்த கை வருமா? நல்ல பேட்டரியைக் குப்பையில போடவும் மனசு வரல. திருடறதுலயும் சிக்கனம் பாத்தா இப்படித்தான்."

"அது என் கஸ்டடியில இருந்த ஆவணம்..." என்று ஆரம்பித்த வக்கீல், குமாஸ்தா கவரை நெஞ்சோடு பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் முடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டாரே தவிர, மின்விசிறியைப் போடவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெக்கானிக் ஸ்டேஷன் படியிறங்கி வந்தார். ஒரு ராத்திரியில் தாடி முளைத்து, வயது ஐந்து கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளேயே இருந்துவிட்டார். வாசல் வரை வந்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம்.

குமாஸ்தா எதிரே போய் நின்றார். "நான்தான் உங்களைக் கைகாட்டினேன்."

"தெரியும்," என்றார் மெக்கானிக். "நானும் அங்கதானே இருந்தேன்."

"மன்னிச்சுடுங்க."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். பஞ்சர் அக்காதான் முன்னால் வந்தாள்.

"இங்க எதுக்கு மன்னிப்பு? இங்க இருக்கிறவங்களுக்கு எல்லாம் தெரியும். நேத்து தெருவே பாக்க இவரை ஜீப்ல ஏத்தினாங்க. எதிர்க் கடைக்காரர் என் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கப்பன் திருடனான்னு கேட்டாரு. அங்க வந்து சொல்லுங்க."

"வரேம்மா," என்றார் குமாஸ்தா.

மூவரும் நடந்தார்கள். அண்ணியும் சின்னவனும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். கடை பூட்டிக் கிடந்தது. வாசலில் மூன்று வண்டிகள் ஆளில்லாமல் காத்து நின்றன. இரண்டு பிள்ளைகள் பூட்டிய ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. அப்பாவைப் பார்த்ததும் எழுந்தன. ஆனால் ஓடி வரவில்லை.

குமாஸ்தா தெரு நடுவில் நின்றார். வண்டிகள் அவரைச் சுற்றி ஒதுங்கிப் போயின.

"நேத்து நான் போலீஸ்ல சொன்னது பொய். இவரு எதையும் எடுக்கல."

எதிர்க் கடைக்காரர் தலையைத் தூக்காமல் ஏதோ எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் பத்தல," என்றாள் பஞ்சர் அக்கா.

சின்னவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இந்தத் தடவை தெருமுனை வரை கேட்டது. தராசைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பிள்ளைகள் இரண்டும் அப்பாவிடம் ஓடின.